கட்டடமும் ஒரு பாடநூல்: ஓபர்லின் கல்லூரியின் கதை

நான் விரிவுரையாளராகப் பணியில் சேர்ந்த ஆண்டு 2006. சங்க இலக்கியம் நடத்தப்போகிறோம் என்ற கனவோடு போன எனக்கு முதலில் ஒதுக்கப்பட்டது சுற்றுச்சூழல் கல்வித் தாள். அதற்கெனத் தனி ஆசிரியர் கிடையாது. எந்தத் துறையில் பாடவேளை குறைகிறதோ அந்தத் துறையின் இளையவர் தலையில் அது வந்து இறங்கும். அக்காலத்தில் பணியில் சேர்ந்த என் நண்பர்கள் சிலருக்கும் இதுவே நேர்ந்தது.

அந்தத் தாளுக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில், சுற்றுச்சூழலைக் கல்வியின் எல்லாப் படிநிலைகளிலும் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்ற கருத்தை ஏற்று உச்ச நீதிமன்றம் 1991 நவம்பர் 22 அன்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு தாளில் இருந்தது. வகுப்பறைக்கு வந்து சேரப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. 2003-இல்தான் பல்கலைக்கழக மானியக் குழு இளங்கலை மாணவர் அனைவருக்குமான ஆறு மாதப் பாடத்திட்டத்தை வகுத்தது. மொத்தம் ஐம்பது வகுப்புகள். இறுதி அலகு களப்பணி. அருகிலுள்ள ஆறு, காடு, மலை போன்ற ஒன்றைச் சென்று பார்த்துப் பதிவுசெய்ய வேண்டும். மாசடைந்த இடம் ஒன்றையும் பார்க்க வேண்டும்.

இரண்டாவதற்காகப் பேருந்து ஏற்பாடு செய்வதைப் பற்றி வகுப்பில் பேசிக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையிலிருந்து விடுதி மாணவன் ஒருவன் எழுந்தான். "ஐயா, அதுக்குப் பஸ் எதுக்குங்கய்யா? எங்க ஹாஸ்டலுக்குப் பின்னாடி நடந்தே போயிரலாமே" என்றான். வகுப்பு சிரித்தது, நானும் சிரித்தேன். விடுதிக்குப் பின்னால் சமையற்கூடத்தின் கழிவுநீர் தேங்கி நின்றது என்பதும், அதன் கரையில் நாள்தோறும் மாலையில் குப்பை எரிக்கப்பட்டது என்பதும் எங்கள் எல்லோருக்கும் தெரியும். நாங்கள் பேருந்தில்தான் போனோம். ஊருக்கு வெளியே ஓர் ஓடையைப் பார்த்துவிட்டு வந்து அறிக்கை எழுதினோம்.

அந்த மாணவனின் கேள்விக்கு நான் விடை சொல்லவில்லை என்ற உறுத்தல் நெடுநாள் இருந்தது. அதே கேள்வியை வேறொரு நாட்டில் வேறு சிலர் முன்பே கேட்டிருந்தார்கள் என்பதைப் பின்னர் படித்தறிந்தேன். அந்த வரலாற்றைத்தான் இங்கே சொல்ல முனைகிறேன்.

*

பல்கலைக்கழகங்களுக்கும் சுற்றுச்சூழல் இயக்கத்துக்கும் உள்ள உறவு பழையது. 1970 மார்ச் மாதம் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நடந்த பெருங்கருத்தரங்கும், அதே ஆண்டு ஏப்ரல் 22-இல் முதன்முதலாகக் கொண்டாடப்பட்ட புவி நாளும் மாணவர்களின் தோளில் ஏறி வந்தவை. ஆயினும் அந்த எழுச்சியின் விரல் பெரும்பாலும் வெளியே நீண்டிருந்தது. ஆலைகள், எண்ணெய்க் கப்பல்கள், பூச்சிமருந்து நிறுவனங்கள், அரசு ஆகியவை குற்றவாளிக் கூண்டில் நின்றன. கூண்டுக்கு எதிரே நீதிபதியின் இருக்கையில் பல்கலைக்கழகம் அமர்ந்திருந்தது.

அந்த இருக்கையிலிருந்து அதை இறக்கிய முதல் முயற்சிகளுள் ஒன்று 1989-இல் நடந்தது. லாஸ் ஏஞ்சலஸிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் நகரத் திட்டமிடல் பயின்ற முதுகலை மாணவர் சிலர், ஆய்வேட்டுக்காகத் தங்கள் வளாகத்தையே எடுத்துக்கொண்டனர். எவ்வளவு தண்ணீர் வருகிறது, எவ்வளவு கழிவு போகிறது, ஆய்வகங்களின் நச்சுப்பொருள்கள் எங்கே சேர்கின்றன என்று கேட்டுத் தொகுத்தார்கள். ஆய்வேட்டுக்கு அவர்கள் வைத்த தலைப்பைத் தமிழில் 'நம் கொல்லைப்புறத்தில்' எனலாம். பின்னர் பல கல்லூரிகளில் நடந்த வளாகத் தணிக்கைகளுக்கு அந்த ஏடு முன்மாதிரியாயிற்று. எங்கள் கடைசி வரிசை மாணவன் சொன்னதும் கொல்லைப்புறத்தைப் பற்றித்தான்.

அடுத்த ஆண்டு, 1990 அக்டோபரில், பிரான்சில் தல்லுவார் என்னும் ஏரிக்கரைச் சிற்றூரில் 22 பல்கலைக்கழகத் தலைவர்கள் கூடினர். அழைத்தவர் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் தலைவர் ஜான் மேயர், ஊட்டச்சத்து அறிஞர். அங்கே பத்து அம்சங்கள் கொண்ட அறிக்கை ஒன்று உருவாயிற்று. சூழலைப் பாடமாகக் கற்பிப்பதோடு நில்லாமல், நிறுவனங்கள் தம் நடைமுறையிலும் வளம் காக்கவும் கழிவு குறைக்கவும் வேண்டும் என்பதை உயர்கல்வித் தலைவர்கள் கூட்டாக ஒப்புக்கொண்டது அங்கேதான். உறுதிமொழி அழகாக இருந்தது. பிற்காலத்தில் உலகெங்கும் நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் அதில் கையொப்பமிட்டன. கையொப்பத்துக்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் இடையிலுள்ள தொலைவை எப்படிக் கடப்பது என்பதுதான் மிச்சமிருந்த கேள்வி.

*

அந்தத் தொலைவைக் கடக்க முயன்ற கல்லூரிகளில் ஓபர்லின் என் கவனத்தை ஈர்த்தது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்திலுள்ள சிறிய கல்லூரி அது, 1833-இல் தொடங்கப்பட்டது. 1835-இல் கறுப்பின மாணவர்களைச் சேர்க்க முடிவு செய்தது. 1837-இல் பெண்களை ஆண்களோடு பட்டப்படிப்பில் சேர்த்துக்கொண்டது. அடிமைமுறை நிலவிய காலத்தில் இவை எளிய செயல்களல்ல. நியாயத்தின் பக்கம் நிற்கும் நிறுவனம் என்ற பெருமிதம் ஓபர்லினுக்கு இயல்பாக வந்தது.

அதே ஊருக்கு இன்னொரு முகமும் உண்டு. ஓபர்லினில் படித்துப் பட்டம் பெற்ற சார்லஸ் மார்ட்டின் ஹால் என்ற இளைஞர், 1886 பிப்ரவரியில் தம் வீட்டு விறகுக் கொட்டகையில் மின்சாரத்தைச் செலுத்தி அலுமினியத்தைப் பிரித்தெடுத்தார். அதுவரை அரிய பொருளாக இருந்த உலோகம் பிற்காலத்தில் நம் வீட்டுச் சோற்றுப் பானைவரை வந்து சேர்ந்தது அந்தக் கண்டுபிடிப்பின் பயன். உலோகங்களுள் மிகுந்த மின்சாரத்தை விழுங்கும் ஒன்றாக அது இருப்பதும் அந்த முறையினால்தான். ஹால் ஈட்டிய செல்வத்தின் கணிசமான பங்கு கல்லூரிக்குக் கொடையாக வந்தது. அறத்தில் ஊன்றிய ஒரு கால், மின்சாரத்தில் ஊன்றிய இன்னொரு கால் என்று அக்கல்லூரி நின்றது. நம் காலத்துப் பல்கலைக்கழகம் ஒவ்வொன்றும் அப்படித்தான் நிற்கிறது.

1990-இல் டேவிட் ஓர் என்ற அறிஞர் ஓபர்லினுக்கு ஆசிரியராக வந்தார். அதற்குமுன் ஆர்க்கன்சாஸ் மாநிலத்தில் தம் சகோதரரோடு சேர்ந்து சுற்றுச்சூழல் கல்விக்கான மையம் ஒன்றை நடத்தியவர். அங்கே இருந்தபோது ஹெண்ட்ரிக்ஸ் என்னும் கல்லூரியின் உணவு எங்கிருந்து வருகிறது என்று மாணவர்களைக் கொண்டு தேடச் செய்தார். நெல் விளையும் மாநிலத்தின் நடுவே இருந்த அந்தக் கல்லூரிக்கு அரிசி பக்கத்து மாநிலத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. சுற்றிலும் கால்நடைப் பண்ணைகள் இருக்க, இறைச்சி டெக்சாஸிலிருந்து வந்தது. இதைப் படித்தபோது எனக்கு நம் விடுதிகளின் நினைவு வந்தது. வயல்களுக்கு நடுவே நிற்கும் நம் விடுதிகளில் எத்தனை பேர் தட்டிலுள்ள அரிசியின் ஊரைக் கேட்டிருப்போம்?

ஓர் தொடர்ந்து எழுதி வந்தவற்றின் சாரம் இதுதான்: உலகின் சூழல் கேடுகள் பெரும்பாலும் கல்லாதவர் செய்தவையல்ல; பட்டங்கள் பெற்றவர்களே அவற்றைத் திட்டமிட்டு, வரைபடமிட்டு, நிதி ஒதுக்கிச் செய்தார்கள். ஆகவே கல்வி கூடினால் கேடு குறைந்துவிடும் என்று நம்புவதற்கில்லை. எத்தகைய கல்வி என்று கேட்க வேண்டும். இதிலிருந்து அவர் இன்னொரு முடிவுக்கு வந்தார். கட்டடமும் ஓர் ஆசிரியரே. வெளிச்சமில்லாத அறையில் பகலிலும் விளக்கெரித்து ஆற்றல் சிக்கனம் பற்றிப் பாடம் நடத்தினால், மாணவர் மனத்தில் பதிவது பாடமல்ல, விளக்குதான். சொல் ஒன்றையும் சுவர் வேறொன்றையும் கற்பித்தால் சுவரே வெல்லும்.

இக்கருத்தைச் சோதிக்க ஓபர்லினில் ஒரு கட்டடம் எழுப்புவதென்று முடிவாயிற்று. 1992-93 கல்வியாண்டில் ஒரு வகுப்பாகத் தொடங்கிய பேச்சு அது. பின்னர் ஊர்மக்களையும் மாணவரையும் அழைத்துப் பல அமர்வுகளில் கருத்துக் கேட்டார்கள். கட்டடக் கலைஞர் வில்லியம் மெக்டோனா வடிவமைத்தார். 2000-ஆம் ஆண்டு ஜனவரியில் ஆடம் ஜோசப் லூயிஸ் மையம் திறக்கப்பட்டது. தெற்கு வெயிலை உள்வாங்கும் கண்ணாடிச் சுவர், நிலத்தடிக் குழாய்க்கிணறுகளின் வழியே சூட்டையும் குளிர்ச்சியையும் பெறும் ஏற்பாடு, கூரையில் 60 கிலோவாட் சூரியத் தகடுகள் ஆகியவை அதில் அமைந்தன. கழிவறை நீரைச் செடிகளும் நுண்ணுயிரிகளும் வளரும் தொட்டிகளில் செலுத்திச் சுத்திகரித்து மீண்டும் கழிவறைக்கே பயன்படுத்தினார்கள். தான் செலவிடும் மின்சாரத்தைவிடக் கூடுதலாகத் தானே ஆக்கிக்கொள்ளும் கட்டடம் என்பதே அதன் குறிக்கோளாகச் சொல்லப்பட்டது. உலகெங்கும் அதன் புகழ் பரவியது, பரிசுகள் குவிந்தன.

*

கதை இங்கேயே முடிந்திருந்தால் நான் எழுத வந்திருக்க மாட்டேன். வெற்றிக் கதைகள் நம்மிடம் ஏற்கெனவே மிகுதி.

அதே கல்லூரியின் இயற்பியல் பேராசிரியர் ஜான் ஸ்கோஃபீல்டு, கட்டடத்தின் மின்கணக்கை அளக்கத் தொடங்கினார். குறிக்கோள் என்ன என்பதல்ல அவர் கேள்வி. மீட்டர் என்ன காட்டுகிறது என்பது. 2002-இல் அவர் வெளியிட்ட முடிவு பலருக்குக் கசந்தது. கட்டடம் முன்கணித்ததைவிட மிகுதியான மின்சாரத்தைச் செலவிட்டது. காரணங்களுள் ஒன்று, குளிர்காலத்தில் இயங்கிய மின்கொதிகலன். தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகமும் அந்தக் கட்டடத்தைக் கண்காணித்து 2004-இல் அறிக்கை தந்தது. கூரைத் தகடுகள் அளித்தது தேவையில் ஏறத்தாழப் பாதிதான் என்பது அதிலும் தெரிந்தது.

ஒரே வளாகத்தில் இரண்டு பேராசிரியர்கள். ஒருவர் கனவு கண்டார், மற்றவர் அளந்தார். அந்த விவாதம் இனிமையாக நடந்த ஒன்றல்ல. நல்ல முயற்சியை உள்ளிருந்தே குலைக்கிறாரே என்று ஒருவரையும், எண்ணை மறைத்துப் புகழ் தேடுகிறாரே என்று மற்றவரையும் நினைக்க வாய்ப்புண்டு. ஆனால் விளைவைப் பாருங்கள். கொதிகலனின் பயன்பாடு கட்டுப்படுத்தப்பட்டது, இயக்கமுறைகள் திருத்தப்பட்டன. 2006-இல் வாகன நிறுத்தத்தின்மேல் மேலும் 100 கிலோவாட் தகடுகள் ஏற்றப்பட்டன. அதன் பின்னரே முதலில் சொன்ன குறிக்கோள் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தது. கனவு இல்லையேல் கட்டடம் எழுந்திராது. அளவை இல்லையேல் கட்டடம் பொய்யாகவே நின்றிருக்கும். ஸ்கோஃபீல்டு பின்னர் பசுமைச் சான்றிதழ் பெற்ற கட்டடங்கள் பலவற்றின் மின்கணக்கையும் ஆராய்ந்து, சான்றிதழும் சிக்கனமும் ஒன்றல்ல என்று 2009-இல் எழுதினார்.

அளத்தலின் ஆற்றலை ஓபர்லின் வேறொரு வகையிலும் கண்டுகொண்டது. 2005-இல் மாணவர் விடுதிகளுக்கிடையே இரண்டு வாரம் மின்சிக்கனப் போட்டி நடந்தது. தம் விடுதி அந்த நேரத்தில் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்பதை மாணவர்கள் உடனுக்குடன் திரையில் காணும்படி சில விடுதிகளில் ஏற்பாடு செய்யப்பட்டது. போட்டியின்போது விடுதிகளின் மின்செலவு சராசரியாக 32 விழுக்காடு குறைந்தது. புதிய கட்டடமோ புதிய எந்திரமோ தேவைப்படவில்லை. தண்ணீரின் செலவு 3 விழுக்காடு மட்டுமே குறைந்தது என்பதையும் அவர்கள் மறைக்காமல் எழுதினார்கள். அந்த 3 என்ற எண் இருப்பதனாலேயே 32 என்ற எண்ணை நான் நம்புகிறேன்.

தீர்வுகளே புதிய கேள்விகளைக் கொணர்வதும் உண்டு. 2000-ஆம் ஆண்டிலேயே கார்னெல் பல்கலைக்கழகம், கயூகா ஏரியின் அடியாழத்திலிருந்து ஏறத்தாழ 4 பாகை செல்சியஸ் குளிர்நீரை எடுத்து, அதன் குளிர்ச்சியால் வளாகக் கட்டடங்களைக் குளிர்விக்கத் தொடங்கியது. குளிரூட்டலுக்கான மின்செலவு 80 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. ஆயினும் ஆழத்துநீரை ஏரியின் ஆழங்குறைந்த தென்பகுதியில் திருப்பி விடுவதால் பாஸ்பரஸ் சேர்ந்து பாசி பெருகுமோ என்று கரையோர மக்கள் கேட்டார்கள். அந்தக் கேள்வி பல ஆண்டுகள் ஓயவில்லை. வளாகத்தின் எல்லைக்குள் கணக்கு நேராகிவிட்டால் போதுமா, எல்லைக்கு வெளியே நிற்கும் ஏரியின் கணக்கை யார் எழுதுவது என்பதே அதன் உட்பொருள்.

ஓபர்லினும் ஒரு கட்டடத்தோடு நின்றுவிட முடியவில்லை. புகழ்பெற்ற அந்த மையத்துக்கு அருகிலேயே கல்லூரியின் மத்திய வெப்பநிலையம் நிலக்கரி எரித்துக்கொண்டிருந்தது. 2014-இல்தான் நிலக்கரி நின்றது. இயற்கை எரிவாயு வந்தது. 2025-க்குள் கரிமச் சமநிலை அடைவதாக வாக்களித்திருந்த கல்லூரி, பழைய நீராவிக் குழாய்களை அகற்றி நிலத்தடி வெப்பத்தால் இயங்கும் சுடுநீர் முறைக்கு மாறும் பெரும்பணியை 2021-இல் தொடங்கியது. ஒரு கட்டடம் பாடம் சொல்லத் தொடங்கியதிலிருந்து, மொத்த வளாகமும் அந்தப் பாடத்தைப் படிக்கத் தொடங்க இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

*

இனி என் கதை. இந்தியாவில் கல்லூரிகளை மதிப்பிடும் தேசியக் குழு 2017-இல் திருத்தியமைத்த முறையில், சுற்றுச்சூழல் அக்கறையும் ஓர் அளவுகோலாக இடம்பெற்றது. கழிவு மேலாண்மை, மழைநீர் சேகரிப்பு, பசுமைத் தணிக்கை என்று தலைப்புகள் இருந்தன. நோக்கம் நல்லதுதான். எங்கள் கல்லூரியிலும் கோப்பு தயாராயிற்று. சொற்களைச் செப்பனிட்டுத் தரும் வேலை வழக்கம்போல் தமிழ்த்துறைக்கு வந்தது. 'கழிவற்ற வளாகம்' என்ற தொடரை அந்தக் கோப்பில் எழுதியவன் நான். எதுகை மோனை அறிந்தவன் ஆகையால் எனக்கு அது கடினமாக இல்லை. எழுதி முடித்து மாலையில் வீட்டுக்குக் கிளம்பியபோது விடுதிப் பக்கமிருந்து அதே புகை வந்தது.

குறிஞ்சிப்பாட்டின் 99 மலர்களையும் மாணவர்களை மனப்பாடம் செய்யச் சொல்கிறவன் நான். கபிலர் தம் நிலத்தை அறிந்திருந்ததைப் பற்றி ஒரு மணிநேரம் பேசுவேன். எங்கள் வளாகத்தில் எத்தனை மரங்கள், எத்தனை ஆழ்துளைக் கிணறுகள் என்று கேட்டால் விழிப்பேன். திணை என்பது தேர்வுக்கான சொல்லாகவே என்னிடம் தங்கிவிட்டிருந்தது.

ஓபர்லினின் கட்டடத்தை இங்கே கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்களுடைய சிக்கல் குளிர். நம்முடையது வெயிலும் தண்ணீரும். அவர்கள் கொதிகலனைப் பார்க்க வேண்டியிருந்தது. நாம் பார்க்க வேண்டியவை மோட்டார், டீசல் ஜெனரேட்டர், சமையற்கூடம், வாசலில் நிற்கும் இருசக்கர வண்டிகள். எடுத்துக்கொள்ள வேண்டியது ஸ்கோஃபீல்டு கேட்ட கேள்வியை. அதைக் கேட்டவரைத் துரோகியாக்காமல் விடையைக் கொண்டு கட்டடத்தைத் திருத்திய பக்குவத்தை.

சென்ற ஆண்டு அலுவலகத்தில் போய், கடந்த மூன்று ஆண்டுகளின் மின்கட்டண ரசீதுகளைக் கேட்டேன். "தமிழ் டிபார்ட்மெண்டுக்கு இது எதுக்குங்கய்யா?" என்று எழுத்தர் வியந்தார், ஆனால் எடுத்துக் கொடுத்தார். விடுதி மாணவர் ஆறு பேர் ஒரு வாரம் மெஸ்ஸில் நின்று, தட்டுகளில் மிஞ்சிய சோற்றைத் தராசில் நிறுத்தார்கள். வந்த எண் நாங்கள் ஊகித்ததைவிடப் பெரிது. அதை வாரந்தோறும் சாப்பாட்டுக்கூடத்தின் கரும்பலகையில் எழுதத் தொடங்கினார்கள். சில வாரம் குறைகிறது. கறிக்குழம்பு நன்றாக இல்லாத வாரத்தில் ஏறுகிறது. இரண்டையும் அழிக்காமல் எழுதி வைக்கிறார்கள். குப்பை எரிப்பது இன்னும் முழுமையாக நிற்கவில்லை.

கோப்பு மீண்டும் திருத்தத்துக்கு வந்தபோது 'கழிவற்ற வளாகம்' என்பதை அடித்துவிட்டு, 'விடுதியின் உணவுக் கழிவு நாள்தோறும் அளக்கப்படுகிறது' என்று எழுதினேன். ஓசை நயம் போய்விட்டது என்று துறைத்தலைவர் வருந்தினார். போகட்டும் என்றேன். பேருந்து எதற்கு என்று கேட்ட அந்த மாணவன் இன்று எங்கே இருக்கிறானோ தெரியாது. இப்போது அவன் வந்தால், நடந்தே போய்க் காட்டுவதற்கு என்னிடம் ஒரு கரும்பலகை இருக்கிறது.